உப்புக் காற்றுக்கும் நியூட்ரல் அறுப்புக்கும் தாங்கும் எல்.இ.டி. டிரைவர்

வடசென்னையின் காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ செத்துப்போன 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை எடுத்து, அதன் வெள்ளைக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றுங்கள். அலுமினியத் தட்டில் எட்டு மஞ்சள் சதுரங்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். அவற்றில் ஒன்றின் நடுவே பேனா முனையால் குத்தியதுபோல் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அந்தச் சிப் அறுந்துவிட்டது என்று அர்த்தம். எட்டும் ஒரே தொடரில் இருப்பதால் மற்ற ஏழும் அதோடு இருண்டுவிட்டன. கரும்புள்ளி இல்லையென்றால் தட்டைக் கிளப்பி அடியில் இருக்கும் டிரைவரை, அதாவது மெயின்ஸை எல்.இ.டி.க்கு ஏற்ற கரண்ட்டாக மாற்றும் சின்ன போர்டைப் பாருங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர், வெடித்த ஐ.சி., கருகிய பியூஸ் ரெசிஸ்டர் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். போர்டில் ‘ஆர்.வி.1’ என்று அச்சடித்து இரண்டு துளை விட்டிருப்பதும் தெரியும். துளையில் பாகம் இருக்காது. சர்ஜை, அதாவது நொடிப்பொழுதில் பாயும் உயர் வோல்டேஜை, தாங்க வேண்டிய வட்டுப் பாகமான எம்.ஓ.வி. உட்கார வேண்டிய இடம் அது. வரைந்தவருக்கு அது தேவை என்று தெரிந்திருக்கிறது. விற்கும்போது விலையைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள்.

சிப்பில் கரும்புள்ளி விழுவதற்கும் மூலகாரணம் டிரைவர் பக்கம்தான் இருக்கிறது. சின்ன அலுமினியத் தட்டு ஆற்றக்கூடிய சூட்டுக்கு மேல் கரண்ட்டைத் தள்ளும் டிரைவர் சிப்பை வேகவைத்துக் கொல்கிறது. அதனால் எல்.இ.டி. விளக்கின் ஆயுளைப் பற்றிப் பேசினால் முதலில் டிரைவரைப் பற்றித்தான் பேச வேண்டும். நம் பகுதியில் அது எதிர்கொள்ள வேண்டியவை மூன்று: நியூட்ரல் அறுந்து ஏறும் வோல்டேஜ், கரண்ட் போன நேரத்து இன்வர்ட்டர், கடல் உப்போடு சேர்ந்து வரும் கழிவுநீர்க் கால்வாய் வாயு. இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் டிரைவர் வருஷக்கணக்கில் ஓடும்.

வோல்டேஜ் அல்ல, கரண்ட்

வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 2.8 முதல் 3.4 வோல்ட் தேவை. அந்த இடத்தில் வோல்டேஜ் 0.1 ஏறினாலே கரண்ட் வெகுவாகத் தாவக்கூடும். இன்னொரு சங்கடமும் உண்டு. சிப் சூடாக ஆக, அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் டிகிரிக்கு 2 முதல் 4 மில்லிவோல்ட் வரை குறையும். நிலையான வோல்டேஜில் நேராகக் கட்டினால் சூடாகும், சூடானதால் இன்னும் கரண்ட் இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும். இந்தச் சுழலை உடைப்பதுதான் டிரைவரின் வேலை.

12 வோல்ட்டில் மூன்று எல்.இ.டி.யைத் தொடராகப் போட்டு 150 ஓம் ரெசிஸ்டர் வைப்பது எல்லோரும் செய்வது. மூன்றுக்கும் சேர்த்து 9.3 வோல்ட் போக மிச்சம் 2.7, அதை 150-ஆல் வகுத்தால் 18 மில்லிஆம்பியர். மேசை மேல் ஒழுங்காக எரியும். அதையே ஷேர் ஆட்டோவில் மாட்டி இன்ஜினை ஓட்டினால் பேட்டரி முனையில் 14.4 வோல்ட் இருக்கும். மிச்சம் 5.1 ஆகிவிடும், கரண்ட் 34 மில்லிஆம்பியர். வோல்டேஜ் 20 சதவீதம் ஏறியதற்குக் கரண்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆட்டோ சீரியல் செட்கள் ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாக மங்குவதற்கு இதுவே காரணம். ரெசிஸ்டரை 270 ஓம் ஆக்கினால் 14.4-இல் 19 மில்லிஆம்பியர் போகும். நிறுத்தி வைத்த வண்டியில் கொஞ்சம் மங்கலாக எரியும். அந்த மங்கலை ஏற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

230 வோல்ட்டில் நான்கு வகை

மலிவானது கெப்பாசிட்டர் டிராப்பர். மெயின்ஸுக்குத் தொடராக ஒரு எக்ஸ்2 (மெயின்ஸ் ஏ.சி.யைத் தாங்கத் தகுதி பெற்ற) கெப்பாசிட்டர், பிறகு ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ், பிறகு எல்.இ.டி. தொடர். சராசரிக் கரண்ட்டுக்கான கணக்கு எளிது: 4 × அதிர்வெண் × கெப்பாசிட்டர் மதிப்பு × (உச்ச வோல்டேஜ் கழித்தல் தொடர் வோல்டேஜ்). 50 ஹெர்ட்ஸ், 1 மைக்ரோஃபாரட், உச்சம் 325, தொடர் 72 வோல்ட் என்றால் சுமார் 50 மில்லிஆம்பியர். மெயின்ஸ் 253-க்கு ஏறினால் 57. 300-க்கு ஏறினால் 70. அதாவது இது கரண்ட்டைக் கட்டுப்படுத்துவதில்லை, ஓரளவு மட்டுப்படுத்துகிறது.

இதைக் கட்டுகிறவர்கள் மூன்று இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, எக்ஸ்2 என்று அச்சிடாத சாதாரண 400 வோல்ட் டி.சி. பிலிம் கெப்பாசிட்டரைப் போடுவது. இரண்டு, கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 470 கிலோஓம் ரெசிஸ்டரை விட்டுவிடுவது. அது இல்லாவிட்டால் ஹோல்டரிலிருந்து கழற்றிய பல்பின் முனை கையில் அடிக்கும். மூன்றாவது, எல்.இ.டி. பக்கம் 100 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. தொடரில் ஒரு சிப் அறுந்த நொடியே அந்தக் கெப்பாசிட்டர் 325 வோல்ட்டை நோக்கி ஏறத் தொடங்கும், வெடித்துத்தான் நிற்கும். 72 வோல்ட் தொடருக்கு 82 அல்லது 91 வோல்ட், 5 வாட் ஜீனர் (குறித்த வோல்டேஜைத் தாண்டினால் கடத்தும் டயோடு) ஒன்றைக் குறுக்கே வைத்தால் அது கரண்ட்டைத் தன் வழியே விட்டுக் கெப்பாசிட்டரைக் காப்பாற்றும்.

இன்வர்ட்டர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சதுர அலை இன்வர்ட்டரில் ஓடும்போது டிராப்பர் பல்பு போய்விடுகிறது, எல்.இ.டி.க்குக் கரண்ட் அதிகம் போவதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள்: சராசரிக் கரண்ட் உச்ச வோல்டேஜை மட்டுமே பொறுத்தது. 230 வோல்ட் உச்சமுள்ள சதுர அலையில் அது குறையவே செய்யும். அடிபடுவது அந்த எக்ஸ்2 கெப்பாசிட்டரோடு தொடராக வைத்திருக்கும் 100 ஓம் ரெசிஸ்டர். சைன் அலையில் 72 மில்லிஆம்பியர் வரை போகும்போது அது அரை வாட் தின்னும். சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் கெப்பாசிட்டர் 316 வோல்ட் (230-இல் 72 போக மிச்சத்தின் இரண்டு மடங்கு) ஒரே தாவலாகத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் 0.05 ஜூல் அந்த ரெசிஸ்டரில் சூடாகிறது. நொடிக்கு 100 விளிம்பு, ஆக 5 வாட். 1 வாட் ரெசிஸ்டர் எத்தனை நிமிஷம் தாங்கும்? எல்.இ.டி. பக்கத்தில் எலெக்ட்ரோலிட்டிக் இல்லாத பல்பாக இருந்தால் ஒவ்வொரு விளிம்பிலும் 3 ஆம்பியர் குத்து நேராகச் சிப்பில் விழும். அதனால் இன்வர்ட்டர் லைனில் இருக்கும் அறைகளுக்கு டிராப்பர் பல்பு வேண்டவே வேண்டாம். சீரோ வாட் நைட் லேம்புகளில் பல இந்த வகைதான் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது வகை, எல்.இ.டி.யும் ஐ.சி.யும் ஒரே அலுமினியத் தட்டில் இருக்கும் லீனியர் டிரைவர். 250 வோல்ட் அளவுக்கு நீளமான தொடர் வைத்து, மிச்ச வோல்டேஜை ஐ.சி. சூடாக மாற்றிவிடும். 50 மில்லிஆம்பியரில் 30 வோல்ட் கூடுதலாக வந்தால் 1.5 வாட் அந்தச் சிறிய ஐ.சி. மேல் விழுகிறது. நல்ல ஐ.சி. சூடேறினால் கரண்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹை வோல்டேஜ் நேரத்தில் பல்பு மங்கினால் அது கோளாறு அல்ல, தற்காப்பு. எலெக்ட்ரோலிட்டிக் இல்லாத தட்டுகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். தையல் மெஷின், லேத் இருக்கும் இடத்தில் இதை மாட்டக் கூடாது, ஓடும் சக்கரம் நிற்பதுபோல் தோன்றக்கூடும்.

மூன்றாவது, வேகமாகச் சுவிட்ச் போட்டு அணைத்து வோல்டேஜை இறக்கும், ஆனால் மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தாத பக் டிரைவர். ஒழுங்கான வீட்டு பல்புகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். நான்காவது, டிரான்ஸ்பார்மர் வைத்துத் தனிமைப்படுத்திய ஃபிளைபேக். பேனல் லைட், போகஸ் லைட், தெருவிளக்கு வகைகளுக்கு. வெளியே உலோக உடம்பு கையில் படும் விளக்கு எதுவானாலும் நான்காவது வகைதான் என் தேர்வு. தனியாக விற்கும் டிரைவரை வாங்கும்போது ஐ.எஸ். 15885 என்ற எண்ணும், பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக் டிரைவரில் ஒரு நல்ல வசதி உண்டு. பரவலாகக் கிடைக்கும் பல ஐ.சி.களில் உச்சக் கரண்ட் என்பது 0.4 வோல்ட்டை, கரண்ட்டை அளக்க வைத்திருக்கும் சென்ஸ் ரெசிஸ்டரால் வகுத்தது, எல்.இ.டி.க்குப் போகும் சராசரி அதில் பாதி. போர்டில் 3.0 ஓமும் 4.7 ஓமும் பக்கத்தில் பக்கத்தில் இணையாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சேர்ந்து 1.83 ஓம்; உச்சம் 218, சராசரி 109 மில்லிஆம்பியர். 4.7-ஐ ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டால் 67 மில்லிஆம்பியர். வெளிச்சம் அதே விகிதத்தில் விழாது, கொஞ்சம் குறைவாகவே விழும். ஏனென்றால் குளிர்ந்த சிப் அதே கரண்ட்டுக்குக் கூடுதல் வெளிச்சம் தரும். சூடு நன்றாக இறங்கும். 9 வாட் பல்பை 5 வாட்டாக ஓட்டுவது வீணாகத் தோன்றலாம். ஆனால் காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மாட்டும் பல்புக்கு இதைவிடச் சிறந்த வைத்தியம் கிடையாது. 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று எழுதியிருக்கும் எலெக்ட்ரோலிட்டிக், 10 டிகிரி குறையக் குறைய இரண்டு மடங்கு வாழும்: 95-இல் 4000 மணி, 85-இல் 8000, 75-இல் 16,000.

மெயின்ஸ் நுழையும் இடம்

இனி எம்.ஓ.வி. இல்லாத அந்த இரண்டு துளைக்கு வருவோம். மின்னல் சர்ஜ் என்பது மைக்ரோநொடிக் கணக்கு. நியூட்ரல் அறுப்பு என்பது நிமிஷக் கணக்கு. இரண்டுக்கும் ஒரே பாகம் பதில் சொல்லாது. கடையில் கேட்டால் ‘சர்ஜ் புரொடெக்டர் போட்டிருக்கு’ என்ற ஒரே பதில்தான் வரும்.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகிறது? ஒரு தெருவின் வீடுகள் மூன்று பேஸுக்குப் பிரிந்து நிற்கின்றன. நியூட்ரல் கெட்டியாக இருக்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் 230. தெருவின் பில்லர் பாக்ஸில் நியூட்ரல் முனை உப்புத் துரு ஏறித் தளர்ந்துவிட்டால், இரண்டு பேஸில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன. ஏ.சி. ஓடும் வீட்டில் வோல்டேஜ் படுத்துவிடும். நாலு விளக்கு மட்டும் எரியும் வீட்டில் 300, 350 என்று ஏறும். குண்டு பல்பு காலத்தில் வெளிச்சம் பளீரென்று கூடி நம்மை எச்சரிக்கும். கரண்ட்டைக் கட்டிப் பிடிக்கும் எல்.இ.டி. டிரைவர் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. வெளிச்சம் மாறாது, திடீரென்று அணையும். மின்விசிறி வழக்கத்துக்கு மாறாகப் பறந்தால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள்.

இப்போது எம்.ஓ.வி. தேர்வு. வழக்கமாகப் போடுவது 14டி431. 14 என்பது வட்டின் விட்டம் மில்லிமீட்டரில். 431 என்றால் 430 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர் கடத்தத் தொடங்கும், தொடர்ந்து தாங்குவது 275 வோல்ட் ஏ.சி. நியூட்ரல் அறுந்து 300 வோல்ட் வந்தால் அதன் உச்சம் 424. பத்து சதவீதக் கூடக் குறைவில் தயாராகும் இந்த வட்டு ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கடத்தத் தொடங்கி, சூடாகி, பிளந்து, சில நேரம் தீப்பிடிக்கும். அதனால் நம் தெருக்களுக்கு 14டி511 போடுங்கள். அது 320 வோல்ட் ஏ.சி. வரை சும்மா இருக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. 50 ஆம்பியர் சர்ஜில் 431 வட்டு 710 வோல்ட்டில் பிடிக்கும். 511 வட்டு 845-இல்தான் பிடிக்கும். டிரைவருக்குள் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் 500 வோல்ட் தாங்குவது. 845-ஐ அது எப்படித் தாங்கும்?

தாங்க வைப்பது தொடர் ரெசிஸ்டரும் மெயின் எலெக்ட்ரோலிட்டிக்கும்தான். சர்ஜ் 50 மைக்ரோநொடி நீடிக்கிறது என்று கொள்வோம். 325 வோல்ட்டில் இருக்கும் 6.8 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை, 10 ஓம் வழியாக 845 வோல்ட் தள்ளுகிறது. கால மாறிலி (ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர்) 68 மைக்ரோநொடி. அந்த நேரத்தில் கெப்பாசிட்டர் சுமார் 270 வோல்ட் ஏறி 595-ஐத் தொடும். மாஸ்ஃபெட் போய்விட்டது. 10 ஓமுக்குப் பதில் 33 ஓம் பியூசிபிள் வயர்வவுண்ட் (அளவு மீறினால் தானே அறும் கம்பிச் சுற்று ரெசிஸ்டர்), 2 வாட் வைத்தால் கால மாறிலி 224 மைக்ரோநொடி; ஏற்றம் 104 வோல்ட்; மொத்தம் 429. பிழைத்துவிடும். 9 வாட் பல்பில் அந்த 33 ஓம் தின்பது சுமார் 0.2 வாட். இவ்வளவு சின்ன விலைக்கு இவ்வளவு பெரிய காப்பு வேறு எங்கும் கிடைக்காது. 33 ஓமை 50 வாட் போகஸ் லைட்டில் வைக்க முடியாது, ஒன்றே முக்கால் வாட் சூடாகிவிடும். அங்கே 5டி-9 என்.டி.சி. (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்), ஒரு லைன் சோக் (சுருள்), பெரிய எலெக்ட்ரோலிட்டிக் என்று போக வேண்டும். எலெக்ட்ரோலிட்டிக் எப்போதும் 450 வோல்ட்டாக இருக்கட்டும். மெயின்ஸ் 280 வந்தாலே உச்சம் 396. 400 வோல்ட் கெப்பாசிட்டருக்கு அங்கே மூச்சு விட இடமில்லை. மாஸ்ஃபெட்டும் 600 அல்லது 650 வோல்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பாகங்கள் நிற்கும் வரிசை முக்கியம். பேஸ் முதலில் பியூஸுக்கு, பியூஸுக்குப் பிறகு பேஸ்–நியூட்ரல் குறுக்கே எம்.ஓ.வி., அதன் பிறகு ரெசிஸ்டர் அல்லது என்.டி.சி., பிறகு பிரிட்ஜ். எம்.ஓ.வி.யைப் பியூஸுக்கு முன்னால் வைத்தால் அது ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஆளில்லை. பல்பில் 33 ஓம் பியூசிபிள் ரெசிஸ்டரே பியூஸ் வேலையைச் செய்யும் என்று நினைத்து அதன் பின்னால் எம்.ஓ.வி.யை வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் மேலே சொன்ன கெப்பாசிட்டர் கணக்கு தலைகீழாகிவிடும், ரெசிஸ்டர் எம்.ஓ.வி.க்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். பியூஸ் 2 ஆம்பியர், மெதுவாக அறும் வகை. அரை ஆம்பியர் வேகப் பியூஸ் போட்டால் ஒவ்வொரு இடிக்கும் பியூஸ்தான் போகும். கண்ணாடிப் பியூஸைவிடப் பீங்கான் நல்லது: சின்னக் கண்ணாடிப் பியூஸ் துண்டிக்கக்கூடிய ஷார்ட் கரண்ட் 35 ஆம்பியர்தான், அதே அளவு பீங்கான் பியூஸ் 1500 ஆம்பியர் வரை பத்திரமாகத் துண்டிக்கும். எம்.ஓ.வி. வட்டின் மேல் சிலிக்கான் ஸ்லீவ் மாட்டி, எலெக்ட்ரோலிட்டிக்கிலிருந்து 5 மில்லிமீட்டராவது தள்ளி நிறுத்துங்கள்.

நியூட்ரல் அறுப்புக்கு உண்மையான பதில் விளக்குக்குள் இல்லை, வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியான டி.பி. பெட்டியில் இருக்கிறது. ஓவர் வோல்டேஜ்–அண்டர் வோல்டேஜ் ரிலே ஒன்றை மெயினுக்குப் பின் மாட்டி 265-இல் வெட்டும்படி வையுங்கள். திரும்பச் சேர 60 நொடி தாமதம் கொடுங்கள். ரிலே திறக்கப் பத்தில் ஒரு பங்கு நொடி பிடிக்கலாம். அந்த இடைவெளியைத் தாங்குவதற்குத்தான் 511 வட்டு. ஒன்று மற்றதற்கு மாற்று அல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைபோல் தெருவில் தண்ணீர் தேங்கிக் கரண்ட் நிறுத்தப்பட்டால், திரும்ப வரும் முதல் சில நிமிஷங்களில்தான் வோல்டேஜ் அதிகம் ஆடும். மெயினை அணைத்து வைத்து, மீட்டரால் அளந்து, 230-க்குப் பக்கத்தில் நிலைத்த பிறகு போடுங்கள்.

மொட்டை மாடியில் போகஸ் லைட் இருந்தால் பேஸ்–நியூட்ரல் காப்பு மட்டும் போதாது. எல்.இ.டி. உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தட்டில் செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இருக்கும் காப்புப் படலம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். எர்த்துக்கும் லைனுக்கும் இடையே எழும் சர்ஜ் அதைத் துளைத்துவிடும். டி.பி.யில் டைப் 2 எஸ்.பி.டி. (சர்ஜ் காப்புக் கருவி) ஒன்று வையுங்கள்; அதில் பேஸ்–நியூட்ரலுக்கு எம்.ஓ.வி.யும், நியூட்ரல்–எர்த்துக்கு வாயுக் குழாயும் இருக்க வேண்டும். அதற்குப் போகும் ஒயரின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் அடங்கட்டும். ஒரு மீட்டர் ஒயர் சுமார் 1 மைக்ரோஹென்றி. மைக்ரோநொடிக்கு 1 கிலோஆம்பியர் ஏறும் சர்ஜில் அந்த ஒரு மீட்டரே 1000 வோல்ட்டைக் கூட்டிவிடும். அழகாக வளைத்து மடித்து விட்ட பச்சை ஒயர், எஸ்.பி.டி.யை வெறும் அலங்காரமாக்கிவிடும்.

உப்பும் கால்வாயும்

மெரினா பக்கத்தைவிட ராயபுரம், எர்ணாவூர், எண்ணூர் கரையோரங்களில் வீடு கடலுக்கு இன்னும் நெருக்கம். உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பியூஸுக்கு முன்னால் பேஸ் தடமும் நியூட்ரல் தடமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் போர்டில், அந்த ஈர உப்பே பாலமாகிக் கருகிய கோடு போடும். அங்கே குறைந்தது 3 மில்லிமீட்டர் வேண்டும். தனிமைப்படுத்திய டிரைவரின் இரண்டு பக்கங்களுக்கு நடுவே 6 மில்லிமீட்டராவது வேண்டும், முடிந்தால் போர்டில் ஒரு வெட்டும்.

பூச்சு போடுவதற்கு முன் போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் வைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். ஃபிளக்ஸ் கறையின் மேல் பூச்சு போட்டால் துருவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதுபோல் ஆகும். அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் மெல்லியதாக இரண்டு முறை. கனெக்டருக்குள் போக விடாதீர்கள், எல்.இ.டி.யின் மஞ்சள் முகத்திலும் வேண்டாம். மூடியை ஒட்டும் சிலிக்கானில்தான் பெரிய தவறு நடக்கிறது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரணச் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அது செம்பைப் பச்சையாகத் தின்னும். வாடை இல்லாத நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கிங்ஹாம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்து விளக்குகளில் இன்னொரு சேதம் உண்டு. டிரைவர் சரியாக இருக்கும், அளந்தால் கரண்ட்டும் சரியாக இருக்கும், வெளிச்சம் மட்டும் பாதியாகியிருக்கும். லென்ஸ் கண்ணாடி வைத்துச் சிப்பை நெருங்கிப் பாருங்கள். மஞ்சள் பாஸ்பருக்கு அடியில், வெள்ளியாக மின்ன வேண்டிய தளம் கரும்பழுப்பாக இருக்கும். கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு, சிப்பை மூடியிருக்கும் சிலிக்கானை ஊடுருவி, வெள்ளிப் பூச்சைக் கருக்கிவிட்டது. வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கருப்பதும் இதே வேதியியல்தான். குத்துவிளக்கைத் துலக்கலாம், சிப்பைத் துலக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். அந்த இடங்களுக்குப் பீங்கான் அடித்தளச் சிப் உள்ள விளக்கையோ, கண்ணாடியும் ரப்பர் கேஸ்கெட்டும் சரியாக மூடும் விளக்கையோ வாங்குங்கள்.

முழுக்க மூடிய விளக்கு மழையில் ஒரு வேலை செய்யும். மணிக்கணக்காக எரிந்து சூடான உடம்பில் திடீர் மழை விழுந்தால் உள்காற்று சுருங்கி, கேபிள் நுழையும் வழியாக ஈரத்தை உறிஞ்சும். கேபிளை விளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்க விட்டுப் பிறகு மேலே ஏற்றி கிளாண்டில் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் முனை) நுழையுங்கள். விளக்கில் மூச்சு விடும் வால்வு இருந்தால் அதன் மேல் சிலிக்கான் பூசிவிடாதீர்கள்.

படகு பேட்டரி

மீனை ஈர்க்கக் கடலில் எல்.இ.டி. வெளிச்சம் அடிப்பதை மத்திய அரசு 2017-இல் தடை செய்துவிட்டது. இங்கே பேசுவது கேபினுக்கும் வலை அள்ளும் தளத்துக்கும் வேண்டிய விளக்கு. 12 வோல்ட் பேட்டரிக்குப் பி.டி.4115 ஐ.சி. வைத்த பக் டிரைவர் நல்ல தேர்வு: 6 முதல் 30 வோல்ட் வரை ஓடும், கரண்ட் என்பது 0.1-ஐ சென்ஸ் ரெசிஸ்டரால் வகுத்தது. 0.33 ஓம் வைத்தால் 303 மில்லிஆம்பியர், மூன்று 1 வாட் எல்.இ.டி. தொடருக்குச் சரியாக இருக்கும். இன்டக்டர் 68 மைக்ரோஹென்றி, ஒரு ஆம்பியர் தாங்குவது. ஸ்டார்ட்டர், பம்ப் மோட்டார் கிளப்பும் குத்துகளுக்கு எஸ்.எம்.சி.ஜே.18ஏ டி.வி.எஸ். (சர்ஜைப் பிடிக்கும் டயோடு) ஒன்றைக் குறுக்கே வையுங்கள். அது 29.2 வோல்ட்டுக்குள் பிடித்துவிடும், ஐ.சி.யின் 30-க்கு அடியில். டி.வி.எஸ்.ஸுக்கு முன்னால் 1 ஆம்பியர் பியூஸ். முனை மாற்றிக் கட்டினால் டி.வி.எஸ். நேர்த்திசையில் கடத்திப் பியூஸை அறுத்து மற்றதைக் காப்பாற்றும். 24 வோல்ட் பேட்டரிப் படகுக்கு இந்த ஐ.சி. ஆகாது, சார்ஜ் ஏறும்போதே 28.8 வந்துவிடும். அங்கே 60 வோல்ட் தாங்கும் ஐ.சி. தேடுங்கள்.

ரிப்பேர் மேசையில்

கருப்புப் புள்ளி விழுந்த சிப்பை ஈயம் வைத்து ஷார்ட் செய்து பல்பை எரிய வைப்பது எல்லாக் கடையிலும் நடக்கிறது. பக் டிரைவரில் ஒன்றுக்குச் செய்யலாம், கரண்ட் மாறாது. லீனியர் தட்டில் செய்யாதீர்கள். அங்கே ஒரே சிப்புக்குள் மூன்றோ ஆறோ எல்.இ.டி. தொடராக இருக்கும்; அது தின்ற 9 அல்லது 18 வோல்ட் இனி ஐ.சி.யின் தலையில் சூடாக இறங்கும், ஒரு வாரத்தில் அதுவும் போகும். இணையாக மூன்று தொடர் உள்ள போகஸ் லைட்டில் ஒரு தொடர் அறுந்திருந்தால் அவசரமாக அணையுங்கள். 900 மில்லிஆம்பியர் டிரைவர் தொடருக்கு 300 கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது மிச்ச இரண்டுக்கும் தலா 450 தள்ளிக்கொண்டிருக்கிறது.

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மினுக்கினால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். டெஸ்டரால் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் பேஸ் இருந்தால் சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது, அதை மாற்ற வேண்டும். பேஸைத்தான் வெட்டுகிறது என்றால் சுவிட்சில் இருக்கும் நியான் விளக்கோ, பக்கத்தில் ஓடும் நீண்ட ஒயரின் கெப்பாசிட்டன்ஸோ காரணம். ஹோல்டருக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் அதோடு தொடராக 100 ஓமும் வைத்தால் அடங்கும்.

பாகம் மாற்றிய டிரைவரை நேராக மெயின்ஸில் போடாதீர்கள். 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்த சீரிஸ் போர்டில் போடுங்கள். குண்டு பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்து எல்.இ.டி. எரிந்தால் சரி, குண்டு பல்பு முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் பிரிட்ஜோ மாஸ்ஃபெட்டோ ஷார்ட். தனிமைப்படுத்தாத டிரைவரில் எல்.இ.டி. தட்டு முழுக்க உயிருள்ள கம்பிக்குச் சமம், பிளக்கைப் பிடுங்கி எலெக்ட்ரோலிட்டிக்கை 10 கிலோஓம் வழியாக வடித்த பிறகே கையை வையுங்கள். பிறகு நேராக மெயின்ஸில் மாற்றி, கிண்ணத்தை மூடி, தலைகீழாகத் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். எலெக்ட்ரோலிட்டிக் முதுகில் முன்கூட்டியே ஒட்டிய தெர்மோகப்பிள் 85 டிகிரிக்கு மேல் காட்டினால், சென்ஸ் ரெசிஸ்டரில் ஒன்றைக் கழற்றி மறுபடியும் ஓட்டுங்கள். 75-க்குக் கீழே நின்றால் மூடியை ஒட்டிவிடலாம்.